மூணாவது பை

ரோட்டோரம் நின்று ஆள் எண்ணுகிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற கண்ணுகளா, உங்களிடம் இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். இரண்டு வார்த்தையில் முடிக்கிற ஆள் நான் இல்லை. உட்கார்ந்து மெதுவாக எழுதியிருக்கிறேன். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

இப்போதெல்லாம் கம்பத்தில் கேமரா கட்டிவிடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லதுதான். கேமராவுக்குத் தாகம் எடுக்காது, கால் கடுக்காது. தெரிந்தவர் யாராவது வந்தால் ‘ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா’ என்று விசாரித்துக்கொண்டு எண்ணிக்கையைக் கோட்டை விடாது. நான் விட்டிருக்கிறேன்.

பதினாறு வருசம் இந்த வேலை பார்த்தேன். காரமடைத் தேருக்கு நடந்து போகிற கூட்டத்தை எண்ணியிருக்கிறேன். பொள்ளாச்சிச் சந்தைக்குக் காய்கறி மூட்டையோடு சைக்கிள் மிதிக்கிறவர்களை எண்ணியிருக்கிறேன். வால்பாறைக்குக்கூடக் கூட்டிப் போனார்கள். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பத் திரும்ப முன் சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டே போனேன். அப்படியும் இறங்கின கையோடு, எஸ்டேட் லயத்து வீடுகளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் நடக்கிற தூரத்தை நானும் கூடவே நடந்து பார்த்தேன். எண்ணுகிற வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஏன் சொல்லக் கூடாது?

ஆனால் சரியாக எண்ணின கதையைச் சொல்லி உங்களுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. தப்பாக எண்ணினது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

நான் பஞ்சாலையில் கழிவுப் பஞ்சு பொறுக்கினவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆலையை மூடினார்கள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சாயங்கால எழுத்து வகுப்புக்குப் போனேன். என் பேரை எழுதவும் பஸ் போர்டு படிக்கவும் கற்றுக்கொள்வதற்குள் நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. அந்த வகுப்புக்கு ஒருநாள் ஒரு தம்பி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், இஞ்சினியருக்குப் படித்தவர். ஊர் ஊராகப் போய், நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் எந்த வழி வேண்டும் என்று ஊர்க்காரர்களையே கேட்டுத் திட்டம் போடுவதுதான் அவர் வேலை. வரைபடத் தம்பி என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். எல்லா ஊரிலும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பஸ்ஸுக்கு ரோடு கேட்பார்கள், லாரிக்கு ரோடு கேட்பார்கள், நடக்கிறவனுக்கு எதற்குத் திட்டம், அவன் பாட்டுக்கு ஓரமாகப் போவானே என்பார்கள். அவர் கோபப்பட மாட்டார். எத்தனை பேர் ஓரமாகப் போகிறார்கள் என்று எண்ணிக் காட்டலாம் என்பார்.

எண்ணுவதற்கு முதலில் படித்த பையன்களை நிறுத்தினாராம். ஒரு மணி நேரத்தில் டீக்கடைக்குப் போய்விட்டார்களாம். பொறுமையாக நிற்கிற ஆள் வேண்டும் என்றார். நான் எழுந்து நின்றேன்.

நான் எண்ணின முறை இதுதான். மடியில் புளியங்கொட்டை. வலது தோளில் மஞ்சப்பை, இடது தோளில் ஒரு நீலப்பை. நடந்து போகிறவருக்கு மஞ்சப்பையில் ஒரு கொட்டை, சைக்கிளில் போகிறவருக்கு நீலப்பையில் ஒரு கொட்டை. மற்றவர்கள் நோட்டில் கோடு போட்டார்கள். கோடு போடக் குனிகிற நேரத்தில் இரண்டு பேர் கடந்துவிடுவார்கள். என் கண் ரோட்டை விட்டு எடுபடாது, கை தானாக வேலை செய்யும். பஞ்சு பொறுக்கின கை.

தம்பி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். யார் நடக்கிறவர், யார் சைக்கிள்காரர் என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்று.

“கால் மண்ணுல பட்டா நடை. படலீன்னா சைக்கிளு. அவ்வளவுதானுங்க தம்பி” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, அதை அப்படியே தன் நோட்டில் எழுதிக்கொண்டார். என் வாயில் வந்ததை ஒரு படித்தவர் நோட்டில் எழுதி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அன்று முழுக்க என் கால் தரையில் நிற்கவில்லை.

இரண்டாவது வருசமோ மூன்றாவது வருசமோ, செங்காட்டுப்புதூருக்குப் போனோம். ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர், மற்ற நாளெல்லாம் வெறும் மணல். பள்ளத்துக்கு அக்கட்டே, அந்தக் கரையில்தான், ஐஸ்கூல், மில்லு, ஆஸ்பத்திரி, பஸ் நிறுத்தம். பள்ளத்தில் இறங்கி ஏறினால் பத்து நிமிசம். வேண்டாம் என்றால் லாரி போகிற பெரிய ரோட்டில் சுற்றிக்கொண்டு மூன்று மைல். அந்த ரோட்டில் அடிபட்டவர்களின் வீடு ஊருக்குள் இருந்தது. அதனால் ஜனம் மணலில்தான் இறங்கும்.

பள்ளத்துக்குக் குறுக்கே ஒரு பாலம் போடப் பணம் வந்திருந்தது. எந்தப் பாலம் என்பதுதான் பேச்சு. நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒரு சின்னப் பாலம் என்றார் தம்பி. ஊருக்குக் கிழக்கே செங்கல் சூளை வைத்திருந்தவர் அகலமாக லாரிப் பாலமாகவே போட்டுவிடலாம் என்றார். அவர் பஞ்சாயத்தில் மெம்பர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நாக்குதான் கொஞ்சம் நீளம். எண்ணிப் பார்த்து முடிவு செய்யலாம் என்று பஞ்சாயத்துத் தலைவரம்மா சொன்னார்கள்.

நான் போய்ப் பள்ளத்தின் கரையில் நின்றேன். மூன்று நாள், காலையிலும் சாயங்காலமும். மஞ்சப்பை தோளை இழுத்தது. நீலப்பையில் அடியில் கொஞ்சம் கொட்டை கிடந்தது.

அதை வைத்துத் திட்டம் ஆனது. நடக்கிற ஜனம் அவ்வளவு இருக்கும்போது லாரிப் பாலம் பேச்சு எடுபடவில்லை. சூளைக்காரர் வாயை மூடிக்கொண்டார். சைக்கிள்தான் கொஞ்சமாக இருக்கிறதே என்று, இரண்டு கரையிலும் படிக்கட்டு வைத்துப் பாலம் வரைந்தார்கள். கரை இரண்டாள் உயரம். படிக்கட்டு என்றால் நின்ற இடத்திலேயே ஏறிவிடலாம். சரிவாகப் பாதை போட்டால் தூரத்திலிருந்தே ஏற்றிக்கொண்டு வர வேண்டும், யாராவது நிலம் விட வேண்டும். இருக்கிற நாலு சைக்கிளுக்காக அது எதற்கு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தம்பியும் ஒத்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன்.

முளைக்குச்சி அடித்துச் சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டாயிற்று என்று கேட்டு, நான் எண்ணி வந்த பாலமாயிற்றே என்று பார்க்கப் போனேன். காலை நேரம். அப்போது மயிலாத்தா வந்தாள்.

மயிலாத்தாவை அந்த மூன்று நாளும் பார்த்திருக்கிறேன். மில்லு கேண்டீனில் வேலை. அவள் மகள் ஜோதிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டு ஒரு கால் சூம்பிவிட்டது. உள்ளூரில் ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். ஆறாவதிலிருந்து மயிலாத்தா ஒரு பழைய ஆம்பிளை சைக்கிளின் கேரியரில் மகளை உட்கார வைத்து, பள்ளத்தில் இறக்கி ஏற்றி, உருட்டிக்கொண்டே ஐஸ்கூலுக்குக் கொண்டு போய் விடுவாள். பிறகு வேலைக்குப் போவாள். சாயங்காலம் அதேபோலத் திரும்ப உருட்டிக்கொண்டு வருவாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஜோதி அப்போது ஒன்பதாவது.

மயிலாத்தா சைக்கிளை நிறுத்திவிட்டுக் கோட்டைப் பார்த்தாள். ஜோதி கேரியரில் உட்கார்ந்தபடியே குச்சிகளை எண்ணினாள்.

“பதினாறு படிங்களா, பெரீம்மா?”

ஆமாம் கண்ணு என்றேன். இன்னும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். இனி மழைக்கு நனையாமல் போகலாம் என்று வேறு சொன்னேன்.

மயிலாத்தா என்னைக் குறை சொல்லவில்லை. இந்த மணலில் என்றால் எப்படியோ தள்ளிவிடுகிறேன், படியில் சைக்கிளையும் இவளையும் சேர்த்துத் தூக்க முடியாதே என்று மட்டும் சொன்னாள். பழைய தடம் இருக்குமே என்றேன். அந்தத் தடத்தின் மேல்தான் படிக்கட்டே வருகிறது, பக்கத்தில் கரை இடியாமல் இருக்கக் கல்லுச் சுவர் கட்டுகிறார்களாம் என்றாள். அப்புறம் சைக்கிளின் ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டே, “ஒம்பதாவது வரைக்கும் படிச்சுப்போட்டா. அது போதுமுங்க்கா” என்றாள்.

ஜோதி அம்மாவைப் பார்க்கவில்லை. என் தோளில் மடித்துத் தொங்கின பைகளைப் பார்த்தாள்.

“பெரீம்மா, எங்களெ நீங்க எந்தப் பையில போட்டீங்க?”

“மஞ்சப்பையில, கண்ணு.”

“அம்மா நடந்துச்சு, செரி. நானு? இந்தச் சைக்கிளு?”

அவர்கள் மணலில் இறங்கிப் போனார்கள். பின்னாலேயே ஒரு பால்காரர் வந்தார். கரையில் இறங்கி, இரண்டு பக்கமும் கேனைக் கட்டின சைக்கிளை உருட்டிக்கொண்டு மணலைக் கடந்தார். அக்கட்டே மேலே ஏறினதும் காலைத் தூக்கிப் போட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்து மில்லுக்குப் போகிற நாலு பேர். எல்லோரும் கரையில் இறங்கினார்கள், உருட்டினார்கள், அக்கட்டே ஏறி மிதித்தார்கள். குடம் கட்டின சைக்கிள் ஒன்று வந்தது. அதுவும் உருட்டல்தான். மணலில் எவன் சைக்கிள் மிதிப்பான்? கொழுப்பெடுத்த இளவட்டம் இரண்டு பேர்தான் மிதிப்பார்கள். நீலப்பையில் இருந்தது அவர்கள்தான்.

வழி இல்லாததால்தான் அத்தனை பேரும் இறங்கி நடந்திருக்கிறார்கள். நான் அத்தனை பேரையும் நடக்கிறவர்கள் என்று எண்ணி, இனியும் நடந்தே போங்கள் என்று படிக்கட்டுப் போட வைத்திருக்கிறேன். கால் மண்ணில் பட்டால் நடை. என் வாய்தான். படித்தவர் நோட்டில் எழுதின வாய்.

அப்படியே பஸ் ஏறிக் கோயமுத்தூரில் தம்பியின் அறைக்குப் போனேன். சொன்னேன். அவர் வரைபடத்தை எடுத்து விரித்தார். அப்புறம் உள்ளதைச் சொன்னார். வெள்ளிக்கிழமை பஞ்சாயத்தில் கடைசிக் கூட்டம், அதற்கு மறுநாள் வேலை தொடங்குகிறார்கள். இப்போது போய் எண்ணிக்கை தப்பு என்று சொன்னால், சூளைக்காரர் மொத்தமும் தப்பு என்பார். லாரிப் பாலம் வந்துவிடும். பள்ளத்துக்குப் போகிற சின்னப் பாதையில் லாரி புகுந்தால் நடக்கிறவர்களுக்கும் வழி போய்விடும். சொல்லாமல் விட்டால் படிக்கட்டுப் பாலமாவது வரும், முக்கால்வாசிப் பேருக்கு நல்லது.

முக்கால்வாசிப் பேர். அந்தச் சொல் என்னைத் தைத்தது. மீதி யார் என்று எனக்குப் பேரோடு தெரியும்.

என்ன செய்யட்டும் தம்பி என்று கேட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். அப்புறம் ஒன்று சொன்னார், அதை நான் மறக்கவே இல்லை.

“எண்ணினது நீங்க, எழுதினது நான். வெள்ளிக்கிழமை நீங்க எழுந்தா நானும் கூட எழுந்து நிப்பேன், அக்கா. நீங்க உக்காந்தா நானும் உக்காந்துக்குவேன்.”

என்னைவிட இருபது வயது சின்னவர். மேலதிகாரி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவரிடம்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஆபீசில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். நான் எழுந்து, என் எண்ணிக்கையில் தப்பு இருக்கிறது என்று சொன்னேன். தம்பி எழுந்து பக்கத்தில் நின்றார். நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே சூளைக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். புளியங்கொட்டையை நம்பிப் பாலம் கட்டினால் இப்படித்தான், கொட்டையைக் கொடுத்துவிட்டால் வீட்டில் வறுத்துத் தின்னவாவது ஆகும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் என் பையில் இருந்தவர்கள்.

காது சுட்டது. அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு உங்களுக்கு எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. நான் சொன்னேன்:

“கொட்டை தப்பில்லீங்க. போட்ட பைதான் தப்பு. என்ற எண்ணிக்கையில நம்பிக்கை இல்லீன்னா நீங்களே வந்து எண்ணுங்க. நானு இந்தக் கரையில நிக்கறேன், நீங்க அந்தக் கரையில நில்லுங்க.”

அவர் விடுவாரா? இரண்டு பேருடைய எண்ணிக்கையும் ஒத்துவரவில்லை என்றால் லாரிப் பாலத்துக்கு ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். ஒத்துக்கொள்கிறேன் என்றேன். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் உட்காரவில்லை. திங்கட்கிழமை காலை எண்ணட்டும், அதுவரை வேலை தொடங்க வேண்டாம் என்று தலைவரம்மா முடித்துவைத்தார்கள்.

இப்போது நான் சொல்லப் போவதைக் கவனியுங்கள். திங்கட்கிழமைக்கு நான் மூன்றாவதாக ஒரு பை தைத்துக் கொண்டு போயிருக்கலாம். உருட்டுகிறவர்களுக்கென்று தனிப் பை. ஞாயிற்றுக்கிழமை துணியை வெட்டியும்விட்டேன், பச்சைத் துணி. அப்புறம் யோசித்தேன். நான் மூன்று பையோடு போய் நின்றால், முடிவை முன்னாலேயே தைத்துக் கொண்டு வந்துவிட்டாள் என்பார்கள். துணியை மடித்து வைத்துவிட்டேன். அவருக்கும் ஒரு மஞ்சப்பை, ஒரு நீலப்பை, முறம் நிறையக் கொட்டை மட்டும் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் அக்கட்டே குடை கட்டி, பிளாஸ்டிக் சேர் போட்டு, கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் மாதிரி உட்கார்ந்தார். மில்லு ஷிப்டுக்கு நடக்கிறவர்கள் வந்தார்கள், மஞ்சப்பை. ஒரு இளவட்டம் மணலில் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்தான், நீலப்பை. பிறகு பால்காரர் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தார். நான் இக்கட்டேயிருந்து பார்த்தேன். சூளைக்காரர் கையில் கொட்டையை எடுத்தார், மஞ்சப்பைக்குக் கொண்டு போனார், நிறுத்தினார். நீலப்பைக்குக் கொண்டு போனார், நிறுத்தினார். அப்புறம் பள்ளத்துக்கு மேலே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார்.

“ஏனுங்க அம்மணி, இதெ எதுலீங்க போடறது?”

கண்ணுகளா, அந்த நேரத்தில் பதில் சொல்லாமல் இருந்ததுதான் நான் இந்த வேலையில் செய்த பெரிய காரியம். நாக்கு நுனி வரை வந்தது. “நீங்களே பாத்துப் போடுங்க” என்று மட்டும் சொன்னேன்.

அவர் கொட்டையை விரலில் உருட்டிக்கொண்டே பால்காரரைப் பார்த்தார். பால்காரர் கரை ஏறி மிதித்துக்கொண்டு போவதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கொட்டையைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டார். அதற்குள் அடுத்த சைக்கிள் உருண்டு வந்தது. பாக்கெட். அடுத்தது, பாக்கெட். நான் என் பங்குக்கு உருட்டுகிறவர்களை முந்தானையில் போட்டு முடிந்துகொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரியாது.

பள்ளிக்கூட நேரத்துக்கு மயிலாத்தா வந்தாள். அன்று மணல் ஈரமாக இருந்தது. சக்கரம் புதைந்தது. நான் தள்ளிவிடப் போகவில்லை. போனால் எண்ணிக்கை விட்டுப் போகும். அவள் மூச்சைப் பிடித்துத் தள்ளி, நின்று, மறுபடி தள்ளினாள். அக்கட்டே ஏறுகிற இடத்தில் சைக்கிள் பின்னால் சரியப் பார்த்தது. சூளைக்காரர் சேரை விட்டு எழுந்து வந்து கேரியரைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார். ஏற்றிவிட்டு மறுபடி உட்காரப் போனார். ஜோதி விடவில்லை.

“ஐயா, எங்களெ எதுலீங்க போட்டீங்க?”

அவர் பாக்கெட்டைத் தட்டிக் காட்டினார். “இதுல, கண்ணு. ரெண்டு கொட்டை.”

பத்து மணிக்குப் பஞ்சாயத்து ஆபீசில் சாக்கு விரித்து, தலைவரம்மா முன்னால் பத்துப் பத்தாகக் கூட்டினோம். மஞ்சப்பை ஒத்து வந்தது. நீலப்பை ஒத்து வந்தது. அப்புறம் அவர் பாக்கெட்டைக் கவிழ்த்தார். கொட்டையின் கனத்தில் தையல் விட்டிருந்தது. நான் முந்தானையை அவிழ்த்தேன். இரண்டு குவியலையும் தலைவரம்மாவே எண்ணினார்கள். மொத்தத்தில் அவருக்கும் எனக்கும் மூன்று கொட்டைதான் வித்தியாசம். அந்த மூன்றும் சேருக்கடியில் விழுந்திருக்கும், கிழிந்த பாக்கெட்டுக்கு நானென்ன செய்ய என்றார்.

இத்தனை சைக்கிள் நம் ஊரில் இருக்கிறதா என்று அவரே கேட்டார். தலைவரம்மா, லாரி மேலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள் என்றார்கள். இந்த முறை சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

படிக்கட்டுக் கோட்டை அழித்துச் சரிவுப் பாதைக்குக் கோடு போட்டார்கள். கிழக்கே நிலம் வேண்டியிருந்தது. அது சூளைக்காரரின் பங்காளி நிலம். இரண்டு பேரும் பேசி எத்தனையோ வருசம். அவர் வாசலில் போய் நின்று கேட்டுவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று யாரிடமும் சொல்லவில்லை, பங்காளி விட்டுக்கொடுத்தார். பாலத்தின் வாயில் லாரி, டிராக்டர் புகாமல் இருக்கக் கல்லுத்தூண் நட வேண்டும் என்று தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார். “நெருக்கி நடுங்க. என்ற டிரைவருங்களெ எனக்குத் தெரியும்” என்றார் சூளைக்காரர். எவ்வளவு நெருக்கம் என்று தம்பி டேப்பை எடுத்தார். நான் தடுத்து, தண்ணீர்ச் சைக்கிள் ஒன்றைக் கூப்பிட்டேன். இரண்டு பக்கமும் குடம் கட்டினபடியே உருட்டிக்கொண்டு வரச் சொல்லி, குடம் உரசாத இடத்தில் கல்லை நட்டோம்.

வேலை முடிகிற அன்று சூளைக்காரர் என்னிடம் வந்து, அடுத்த வருசம் என் லாரிப் பாலத்துக்கும் நீங்கள்தான் எண்ண வேண்டும் என்றார். லாரிக்கு வேறு நிறத்தில் பை தைத்து வைக்கிறேன் என்றேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நீங்கள் போட்டுவைத்த பைகளுக்குள் அடங்காத ஆள் ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். உங்கள் கேமராவிலும் இருப்பார். அவர் வரும்போது கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தை அவசரத்தில் விழுங்கிவிடாதீர்கள். நான் விழுங்கினேன். சூளைக்காரர் விழுங்கவில்லை. எண்ணத் தெரியாத ஆள்தான், ஆனால் அந்த ஒரு காலையில் என்னைவிட நன்றாக எண்ணினார். தப்பு தெரிந்தால் எழுந்து சொல்லுங்கள். சொல்லி முடித்தபின் அடுத்தவர் கண்ணால் பார்க்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருங்கள். முதலாவதைவிட இரண்டாவதுதான் சிரமம்.

பாலம் திறந்து ஏழெட்டு மாதம் கழித்து, எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத் தம்பி என்னை மறுபடி அனுப்பினார். அந்தப் பச்சைத் துணியை இப்போது பையாகத் தைத்திருந்தேன். மூன்று பையோடு பழைய கரையில் நின்றேன். சைக்கிளில் வந்தவர்கள் பெரும்பாலும் சரிவில் மிதித்தே ஏறினார்கள், மிதிக்காமலே இறங்கினார்கள். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. மில்லுக்காரர்கள் இறங்கவில்லை. நீலப்பை தோளை இழுத்தது. பச்சைப்பையில் தண்ணீர்ச் சைக்கிள் மட்டும்தான். மயிலாத்தாவுக்கும் ஜோதிக்கும் இரண்டு கொட்டையைக் கையில் எடுத்துத் தயாராக வைத்திருந்தேன், பச்சைப்பைக்கு.

முதலில் சத்தம்தான் கேட்டது. பெல் சத்தம் இல்லை. யாரோ வாயாலேயே “கிணிங், கிணிங்” என்று கத்துகிற சத்தம். திரும்பினால், கல்லுத்தூண் நடுவில் நுழைந்து அந்தப் பழைய ஆம்பிளை சைக்கிள் வருகிறது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மயிலாத்தா மிதிக்கிறாள். இரண்டு கையும் ஹேண்டில்பாரை நெரிக்கிற மாதிரிப் பிடித்திருந்தது, பெல் அடிக்கக் கை வரவில்லை. அதற்காகப் பின்னால் ஜோதி கத்திக்கொண்டு வருகிறாள். மடியில் பத்தாவது புஸ்தகம். என்னைப் பார்த்ததும் மயிலாத்தா சிரிக்கக்கூட இல்லை, சிரித்தால் விழுந்துவிடுவாள்.

பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேண்டீன் வேலை முடிந்து தினம் அரை மணி நேரம் அந்தச் சரிவிலேயே விழுந்து எழுந்து பழகினாளாம். ஜோதி கல்லுத்தூண் மேல் உட்கார்ந்துகொண்டு, இப்படி மிதி, அப்படித் திருப்பு என்று அதிகாரம் செய்தாளாம்.

அவர்கள் பாலத்தின் நடுவைத் தாண்டி, அக்கட்டே இறங்கி, ஐஸ்கூல் பாதையில் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு இடத்தில்கூட மயிலாத்தாவின் கால் மண்ணில் படவில்லை.

சாயங்காலம் தம்பியிடம் பைகளைக் கொடுக்கும்போதுதான் உள்ளங்கையில் அந்த இரண்டு கொட்டையும் அப்படியே இருப்பதைப் பார்த்தேன். எண்ணிக்கையில் இரண்டு பேர் குறைகிறார்கள், சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி என்றேன்.

“எந்தப் பையிலக்கா?” என்று கேட்டார்.

“நீலப்பையிலீங்க” என்றேன்.